பெவிலியன் மருத்துவமனை: கொள்கை தப்பு, அப்போ கட்டடம்?

நிலவறை | மார்ச் 3, இரவு 9.40

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவமனைக் கட்டடங்கள் பற்றி எங்கே வாசித்தாலும் ஒரே கதை. கெட்ட காற்றுதான் நோயைப் பரப்புகிறது என்று நம்பினார்கள். அதனால் நீளநீளமான கூடங்களைத் தனித்தனியாக, நிறைய ஜன்னல் வைத்துக் கட்டினார்கள். இப்படித் தனித்து நிற்கும் ஒவ்வொரு கட்டடமும் ஒரு பெவிலியன். பிறகு கிருமிதான் காரணம் என்று தெரிந்ததும் அந்த வடிவமே தேவையில்லாமல் போய்விட்டது. அப்படியென்றால் ஐம்பது அறுபது வருடம் அதில் கொட்டிய பணம் வீண்தானே? காரணத்தையே தப்பாகப் புரிந்துகொண்டு கட்டிய கட்டடம் நோயாளிக்கு எப்படி நல்லது செய்திருக்க முடியும்?

செங்கற்சூளை | மார்ச் 3, இரவு 11.05

வீண் இல்லை. ஆனால் "ஜன்னல் வைத்தார்கள், சாவு குறைந்தது" என்று சொல்வதும் சரியில்லை. கட்டடத்தால் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு, இந்த வடிவத்துக்காக வாதாடிய ஆங்கிலேயச் செவிலியர் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலில் ஆரம்பித்தால் போதாது, பாரிஸில் ஆரம்பிக்க வேண்டும்.

1772 டிசம்பர் கடைசியில் பாரிஸின் ஓத்தெல் தியு மருத்துவமனையில் தீப்பிடித்து ஒரு பெரிய பகுதி எரிந்தது. அது இருந்த ஆற்றுத் தீவிலேயே திரும்பக் கட்டுவதா, வேறிடம் போவதா என்று வருடக்கணக்கில் இழுத்தது. 1785-ல் பெர்னார் புவாயே என்ற கட்டடக்கலைஞர் 5,000 படுக்கைகளோடு வட்டமாக ஒரே மருத்துவமனை கட்டலாம் என்று திட்டம் கொடுத்தார். அதை ஆராய அறிவியல் கழகம் ஒரு குழு போட்டது. லவாய்சியே, லாப்லாஸ், கூலோம் எல்லாரும் அதில் இருந்தார்கள். முதுகொடிய வேலை செய்தவர் ழாக் தெனோன் என்ற அறுவை மருத்துவர்.

தெனோன் செய்தது ஒன்றுதான்: அளந்தார். 1788-ல் அவர் வெளியிட்ட கணக்குப்படி ஓத்தெல் தியுவில் 1,219 படுக்கைகள். அவற்றில் 733 பெரியவை, 486 ஒருவருக்கானவை. பெரிய படுக்கையின் அகலம் 52 பிரெஞ்சு அங்குலம். அதில் நான்கு பேர், கூட்டம் சேர்ந்தால் ஆறு பேர். நான்கு பேர் என்றால் ஆளுக்கு 13 அங்குலம், ஆறு பேர் என்றால் எட்டரைச் சொச்சம். 13 அங்குலத்தில் யாரும் மல்லாந்து படுக்க முடியாது. ஒருக்களித்துத்தான் கிடக்க வேண்டும். காய்ச்சல்காரர், சொறி பிடித்தவர், உயிர் போய்க்கொண்டிருப்பவர் எல்லாரும் ஒரே மெத்தையில். உள்ளே வந்தவர்களில் நாலரைப் பேருக்கு ஒருவர் செத்தார். எடின்பரோவில் இருபத்தைந்தரைப் பேருக்கு ஒருவர்.

எடின்பரோ எண்ணை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. பிரிட்டனின் நன்கொடை மருத்துவமனைகள் ஆளைப் பார்த்துத்தான் சேர்த்தன. ஓத்தெல் தியு வாசலுக்கு வந்த யாரையும் திருப்பி அனுப்பவில்லை. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு படுக்கைக்கு ஆறு பேர் என்பது ஆறு பேர்தான்.

உங்கள் கேள்விக்கு முதல் பதில் இதிலேயே இருக்கிறது. "ஒரு ஆளுக்கு ஒரு படுக்கை" என்பதற்குக் கெட்ட காற்றுக் கொள்கையும் வேண்டாம், கிருமிக் கொள்கையும் வேண்டாம். நாடாவை எடுத்து அளந்தாலே போதும். மருத்துவமனைச் சீர்திருத்தத்தில் எனக்கு மிகப் பெரிய முன்னேற்றமாகத் தெரிவது இதுதான்.

செங்கற்சூளை | மார்ச் 4, காலை 7.20

விட்டுப்போனது. குழு புவாயேவின் வட்டத்தை நிராகரித்தது. 5,000 பேரை ஒரே கூரையின் கீழ் சேர்ப்பதே தப்பு, 1,200 படுக்கை வீதம் நான்கு மருத்துவமனை கட்டுங்கள் என்றது. 1787-ல் தெனோனும் கூலோமும் இங்கிலாந்து போய்ப் பார்த்ததில் அவர்களுக்குப் பிடித்துப்போனது ப்ளிமத்தில் உள்ள ஸ்டோன்ஹவுஸ் கடற்படை மருத்துவமனை. 1760-களிலேயே கட்டி முடித்தது. பத்து நோயாளிக் கட்டடங்கள், ஒவ்வொன்றும் மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வார்டு, வார்டுக்கு 20 பேர். பெருக்கிப் பார்த்தால் 1,200. ஒரு முற்றத்தைச் சுற்றித் தனித்தனியாக நிற்கும் கட்டடங்களை ஒரு தூண் நடை மட்டும் இணைக்கிறது. ஆகப் பெவிலியன் வடிவம் நைட்டிங்கேல் பிறப்பதற்கு அறுபது வருடம் முன்பே கல்லில் நின்றுகொண்டிருந்தது.

நான்கு மருத்துவமனைத் திட்டம் 1789-ல் புரட்சியோடு நின்றுபோனது. அந்த வரைபடத்தின் பிள்ளை என்று சொல்லத்தக்க மருத்துவமனை பாரிஸில் எழுந்தது 1846-க்கும் 1854-க்கும் இடையில்: லாரிபுவாசியேர். கட்டடக்கலைஞர் மார்த்தேன்-பியேர் கோத்தியே.

காற்றாடி | மார்ச் 4, காலை 10.15

லாரிபுவாசியேர் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். காற்றோட்ட வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒப்பீடு அங்கே நடந்தது. ஒரு பக்கப் பெவிலியன்களில் நீராவி எஞ்சினால் ஓடும் ஃபேன் வைத்துக் காற்றை உள்ளே தள்ளினார்கள். எதிர்ப்பக்கத்தில் கூரைக்கு அடியில் சுடுநீர்த் தொட்டி வைத்து, அந்தச் சூட்டில் மேலெழும் காற்று வார்டுக் காற்றை இழுத்துக்கொண்டு போகும்படி செய்தார்கள். ஒரே மருத்துவமனை, ஒரே வார்டு வடிவம், இரண்டு முறை.

தள்ளுவதில் உள்ள லாபம், காற்று எங்கிருந்து வருகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது. இழுப்பதில் அது இல்லை. வார்டிலிருந்து எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவும் எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் இடுக்கு, படிக்கட்டு, கழிவறைக் கதவு, பக்கத்து வார்டு, எது சுலபமோ அது வழியாக வரும். வெளியேற்றும் குழாயில் அளந்தால் எண் பிரமாதமாக இருக்கும். உள்ளே வந்த காற்று எப்படிப்பட்டது என்று அந்த எண் சொல்லாது. இன்றைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் மாட்டிவிட்டுக் காற்றோட்டம் செய்துவிட்டோம் என்று கையெழுத்துப் போடும் இடங்களில் நடப்பது இதே தவறு.

நைட்டிங்கேலுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. ஜன்னல், திறந்த கணப்பு, அவ்வளவுதான் அவர் கேட்டது.

நிலவறை | மார்ச் 4, மதியம் 1.30

நைட்டிங்கேல் வார்டு என்றால் சரியாக என்ன? "நீளமான கூடம், இருபுறமும் படுக்கை" என்பதைத் தாண்டி அளவுகள் சொல்ல முடியுமா?

செங்கற்சூளை | மார்ச் 4, இரவு 10.50

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். வரைந்தவர் ஹென்றி கர்ரி. 1868-ல் அடிக்கல், 1871-ல் திறப்பு, தேம்ஸ் கரையில், நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே. வார்டு 120 அடி நீளம், 28 அடி அகலம், 15 அடி உயரம். 28 படுக்கை, பக்கத்துக்கு 14.

இதை உடைத்துப் பாருங்கள். 120-ஐ 14-ஆல் வகுத்தால் ஒரு படுக்கைக்குச் சுவர் நீளம் எட்டரை அடி. கட்டில் மூன்றடி என்றால் இரண்டு கட்டிலுக்கு நடுவே ஐந்தரை அடி. தரைப்பரப்பு ஆளுக்கு 120 சதுர அடி. கொள்ளளவு 1,800 கன அடி. பெவிலியனுக்கும் பெவிலியனுக்கும் இடைவெளி 125 அடி.

இந்த அளவுகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. ஒன்றை மாற்றினால் மற்றது குலையும். அகலம் ஏன் 28 அல்லது 30 அடிக்குள்? இருபுறமும் எதிரெதிர் ஜன்னல் இருக்கிறது. அகலம் கூடினால் காற்று குறுக்கே போகாமல் நடுவில் தேங்கும், நடுவில் வெளிச்சமும் இருக்காது. உயரம் ஏன் 15 அடி? ஜன்னலின் மேல்விளிம்பு விட்டத்தை ஒட்டிப் போனால்தான் மேலே சேரும் சூடான காற்று வெளியேறும். உயரத்தை மட்டும் கூட்டி ஜன்னலைக் கீழேயே நிறுத்தினால் மேலே ஒரு அழுக்குக் காற்றுக் குளம் நிற்கும். அதனால்தான் நைட்டிங்கேல் கொள்ளளவை மட்டும் கேட்பவர்களை ஏற்கவில்லை, படுக்கைக்குத் தரைப்பரப்பு எவ்வளவு என்று கேட்டார். உயரத்தைக் கூட்டிக் கன அடியைக் கணக்கில் காட்டிவிடலாம், கட்டில்கள் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ஜன்னல்: இரண்டு படுக்கைக்கு ஒன்றாவது. அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டு மூன்று அடியில், படுத்திருப்பவர் வெளியே பார்க்கும்படி. கட்டடத்தின் நீள அச்சு வடக்கு தெற்காக. காலையில் ஒரு பக்கத்துக்கு வெயில், மாலையில் மறு பக்கத்துக்கு. பெவிலியன்களுக்கு நடுவே இடைவெளி உயரத்தைப்போல் இரண்டு மடங்கு.

சுவர்ப் பூச்சு ஈரம் உறிஞ்சாத வழவழப்பான சிமென்ட். தரை ஓக் பலகை, மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கியது. தண்ணீர் ஊற்றித் தேய்த்த பலகை காயாமல் கிடந்தால் தோல் தொற்று வருகிறது என்று அனுபவத்தில் கண்டிருந்தார்கள்.

பலர் பார்க்காமல் விட்டுவிடுவது கழிவறைக் கோபுரம். வார்டின் கடைசி முனையில், கட்டடத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். வார்டுக்கும் அதற்கும் இடையே ஒரு சிறு நடை. அந்த நடைக்கு இருபுறமும் ஜன்னல், இரண்டு முனையிலும் கதவு. ஒரு கதவு மூடியபின் மறு கதவைத் திறப்பார்கள். கழிவறை நாற்றம் வார்டுக்குள் வராமல் நடையிலேயே குறுக்குக் காற்றில் போய்விடும். நடையைக் குறுக்கி, செலவு மிச்சம் என்று ஒரு ஜன்னலை அடைத்துவிட்டால் இந்த ஏற்பாடே செத்துப்போகும்.

வார்டுசிஸ்டர் | மார்ச் 5, காலை 6.45

எல்லாரும் காற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். 30, 32 படுக்கை என்ற எண் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து இல்லை, செவிலியரிடமிருந்து. ஒரு சிஸ்டர் ஒரு பார்வையில் கவனிக்கக்கூடிய அளவு அது. சின்னச் சின்ன வார்டாகப் பிரித்தால் அதே 32 பேருக்குக் கூடுதல் ஆள் வேண்டும் என்று நைட்டிங்கேல் செலவுக் கணக்கே போட்டுக் காட்டினார். வாசல் பக்கம் சிஸ்டர் அறை, அதிலிருந்து வார்டைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். ராத்திரி ஒரே நர்ஸ் இருந்தாலும் யார் எழுந்தார், யார் மூச்சுத் திணறுகிறார் என்று தெரிந்துவிடும். மோசமாக இருப்பவரை மேசைக்குப் பக்கத்துப் படுக்கைக்குக் கொண்டுவருவோம். தேறத் தேறத் தள்ளிக்கொண்டே போவோம். நோயாளிக்கும் அது தெரியும். மேசையை விட்டுத் தள்ளிப் போனாலே முகத்தில் ஒரு தெளிவு வரும்.

கஷ்டமும் உண்டு. கழிவறைக் கோபுரம் மறுமுனையில். நிற்க முடியாதவர் மேசைப் பக்கத்தில்தான் இருக்கிறார், அவருக்கு 120 அடி நடை. அதனால் பெட்பேன்தான். நிறைந்த பெட்பேனை இருபது பேர் பார்க்க வார்டின் முழு நீளத்துக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மறைப்புத் தட்டி ஒரு வார்டுக்கு இரண்டு மூன்று இருந்தால் பெரிது. ஒருவர் இறந்தால் மொத்த வார்டுக்கும் தெரியும்.

செங்கற்சூளை | மார்ச் 5, காலை 9.00

சிஸ்டர் சொன்னதை அடிக்கோடிட வேண்டும். பெவிலியன் வார்டு காலாவதியானது காற்று விஷயத்தில். கண்காணிப்பு விஷயத்தில் இன்றுவரை அதைவிடச் சிறந்த வடிவம் வரவில்லை என்பது என் கருத்து. தனி அறை கொடுத்தபிறகு மணி, கேமரா, மானிட்டர் என்று நாம் வாங்கிக் குவிப்பதெல்லாம் அந்த ஒற்றைப் பார்வையைத் திரும்பப் பெறுவதற்குத்தான்.

நிலவறை | மார்ச் 5, மாலை 6.10

சரி, வடிவம் புரிகிறது. சாவு குறைந்ததா இல்லையா?

செங்கற்சூளை | மார்ச் 5, இரவு 11.30

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். நைட்டிங்கேலின் மருத்துவமனைக் குறிப்புகள் 1863 பதிப்பில் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் தயாரித்த ஒரு அட்டவணை இருக்கிறது. அதில் லண்டனின் 24 மருத்துவமனைகளில் சாவு 90.84 சதவீதம். பார்த்ததும் பகீர் என்கிறது. ஆனால் அந்த எண் எப்படி வந்தது? 1861 ஏப்ரல் 8 அன்று உள்ளே இருந்தவர்கள் 4,214 பேர். அந்த வருடம் முழுக்க நடந்த சாவுகள் 3,828. இதை அதால் வகுத்துவிட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 100 படுக்கை, ஒவ்வொருவரும் சராசரி 30 நாள் தங்குகிறார்கள், எப்போதும் நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் சுமார் 1,200 பேர் வந்து போவார்கள். 100 பேர் இறந்தால் வந்தவர்களில் 8 சதவீதம். ஃபார் முறைப்படி 100 சதவீதம். தங்கும் நாள் 15 ஆகி, வந்தவர்களில் அதே 8 சதவீதம் இறந்தாலும் ஃபார் முறையில் எண் இரட்டிப்பாகும். வேகமாகக் குணமாக்கி அனுப்பும் மருத்துவமனை, கடும் நோயாளியை மட்டும் சேர்க்கும் மருத்துவமனை, இரண்டுமே கொலைக்களம் மாதிரித் தெரியும். கிராமத்தில் காற்று வாங்கித் தேறும் இடம் சொர்க்கமாகத் தெரியும். ப்ரிஸ்டோ, ஹோம்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் அப்போதே இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார்கள்.

எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் சிம்ப்சன் 1869-ல் கொடுத்த எண்கள் இதைவிட வலுவானவை. கை கால் வெட்டும் அறுவை: பெரிய மருத்துவமனைகளில் 2,089 பேருக்கு, 855 சாவு. கிராமத்து மருத்துவர்கள் வீட்டில் வைத்துச் செய்தது 2,098, சாவு 226. இங்கேயும் ஓட்டை உண்டு: கிராமத்து எண்கள் அந்தந்த மருத்துவர்களே எழுதி அனுப்பியவை. ஆனாலும் 41 சதவீதத்துக்கும் 11 சதவீதத்துக்கும் உள்ள தூரத்தை அந்த ஓட்டை முழுசாக விழுங்காது.

செங்கற்சூளை | மார்ச் 6, காலை 6.30

மேலே எழுதியதற்குத் தொடர்ச்சி. கட்டடத்தையும் மற்றதையும் பிரித்துக் காட்டும் இரண்டு சோதனைகள் நடந்திருக்கின்றன. நடத்தியவர்கள் கட்டடக்கலைஞர்கள் இல்லை.

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் அடுத்தடுத்து. காற்று ஒன்று, ஊர் ஒன்று, சேர்க்கை நாள்முறை மாறி மாறி. 1846-ல் மருத்துவ மாணவர்கள் பார்த்த முதல் பிரிவில் சாவு 11.4 சதவீதம், மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவில் 2.8. மாணவர்கள் பிண அறுவை முடித்து நேரே பிரசவத்துக்கு வந்தார்கள். 1847 மே நடுவில் அங்கிருந்த மருத்துவர் ஸெம்மல்வைஸ் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18.3 இருந்தது ஜூனில் 2.2, ஜூலையில் 1.2. 1848-ல் இரண்டு பிரிவும் கிட்டத்தட்ட ஒன்றாக 1.3. ஒரு செங்கல்லும் இடம் மாறவில்லை.

அடுத்தது கிளாஸ்கோ. அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரின் வார்டு 1849 காலராப் பிணங்களைப் புதைத்த இடத்தை ஒட்டியிருந்தது. நிலத்துக்குச் சில அங்குலம் கீழேயே சவப்பெட்டிகள். கெட்ட காற்றுக் கொள்கைப்படி அதைவிட மோசமான மனை கிடையாது. கிருமிநாசினியாக அவர் கொண்டுவந்த கார்பாலிக் அமிலத்துக்கு முன் வெட்டறுவை 35, சாவு 16. அதற்குப் பின் 1867 முதல் 1869 வரை 40, சாவு 6. அதே வார்டு, அதே மண்.

ஆக, நிலவறை, காயம் வழியாகவும் பிரசவம் வழியாகவும் வரும் தொற்றைப் பெவிலியன் தடுக்கவில்லை. லாரிபுவாசியேரே சாட்சி: புத்தம்புது பெவிலியன்கள், அதன் பிரசவப் பிரிவில் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் சாவு மோசமாகவே இருந்தது. பாரிஸ் மருத்துவர்கள் 1860-கள் முழுக்க இதைப் பற்றி வாதாடினார்கள்.

வார்டுசிஸ்டர் | மார்ச் 6, காலை 11.20

நைட்டிங்கேலுக்கும் இது தெரியும். லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் அவருடைய நிதியில் மருத்துவச்சிப் பயிற்சிக்காக ஒரு பிரசவ வார்டு நடந்தது. காய்ச்சல் சாவு தொடர்ந்ததால் 1867-ல் மூடிவிட்டார்கள். அதோடு விடாமல் எண்களைத் தேடிச் சேர்த்து 1871-ல் வெளியிட்டார்: வீட்டில் பெறுவதைவிட மருத்துவமனையில் பெறுவது ஆபத்து. தன் பெயரில் நடந்த வார்டின் சாவுகளைத் தானே அச்சில் போட்டார். அவரை விளக்கேந்திய பெண்மணி என்று மட்டும் சொல்லி முடிப்பது எனக்குப் பொறுக்காது.

காற்றாடி | மார்ச் 7, இரவு 8.00

கொஞ்சம் திசை திரும்புகிறேன். வட்ட வார்டு. புவாயேவின் பெரிய வட்டம் நிராகரிக்கப்பட்டு நூறு வருடம் கழித்து, சின்ன வட்டமாக அது திரும்பி வந்தது. 1878-ல் ஜான் மார்ஷல் என்ற லண்டன் அறுவை மருத்துவர் அதைப் பரிந்துரைத்தார். ஆண்ட்வெர்ப்பில் ஸ்டைவன்பெர்க் மருத்துவமனை வட்ட வார்டுகளோடு 1884-ல் திறந்தது. மூலையே இல்லை, தூசி தங்காது, நடுவில் நின்றால் எல்லாப் படுக்கையும் சம தூரம்.

செங்கல் கொடுத்த எட்டரை அடியையே வைத்துக் கணக்குப் போடுங்கள். 20 படுக்கை: சுற்றளவு 170 அடி, விட்டம் 54, பரப்பு ஆளுக்கு 115 சதுர அடி. நீள வார்டின் 120-க்கு ஏறக்குறைய சமம். 24 படுக்கை: விட்டம் 65, ஆளுக்கு 138. 28 படுக்கை: விட்டம் 76, ஆளுக்கு 161. படுக்கை கூடக் கூட நடுவில் யாருக்கும் உதவாத தரை கூடிக்கொண்டே போகிறது. அந்தத் தரைக்கும் கூரை போட வேண்டும், சூடாக்க வேண்டும், மெழுக வேண்டும். எதிரெதிர் ஜன்னலுக்கு இடையே நீள வார்டில் 28 அடி, இங்கே 54 முதல் 76. குறுக்குக் காற்று நடுவில் வந்து சோர்ந்துவிடும். ஆண்ட்வெர்ப்புக்குப் பிறகு சில இடங்களில் கட்டினார்கள், நிலைக்கவில்லை.

செங்கற்சூளை | மார்ச் 7, இரவு 9.15

மூலைக்குப் பயந்தவர்களில் காசிமிர் தொல்லேவையும் சேர்க்க வேண்டும். அவர் பொறியாளர். சுவரும் கூரையும் பிரியாமல் கூர்வளைவாக மேலே போய்ச் சேரும்படி இரும்புச் சட்டத்தில் செங்கல் நிரப்பிக் கட்டினார். உச்சியில் காற்றுத் திறப்பு. மோன்பெலியேயின் செயின்ட் எலுவா மருத்துவமனை அவருடையது. மாடி வைக்க முடியாது, நிலம் ஏராளமாக வேண்டும். அதனால் ஊருக்கு வெளியேதான் சாத்தியம்.

நிலவறை | மார்ச் 8, காலை 7.50

கிரிமியப் போர் மருத்துவமனைகளை யாரும் தொடவில்லையே. பொறியாளர் ப்ரூனெல் துருக்கியில் கட்டிய ரெங்கியோய் மருத்துவமனையில் சாவு மிகக் குறைவு என்கிறார்கள். பெவிலியனுக்கு அது நல்ல சான்று இல்லையா?

செங்கற்சூளை | மார்ச் 8, இரவு 10.40

ரெங்கியோய் அருமையான வேலை. 1855 பிப்ரவரியில் கேட்டார்கள். இங்கிலாந்தில் மரத்தில் செய்து, கப்பலில் ஏற்றி, டார்டனெல்ஸ் கரையில் மாட்டி, அந்த வருட இலையுதிர் காலத்தில் நோயாளிகளை எடுத்துவிட்டார்கள். எந்தத் துண்டும் இரண்டு பேர் தூக்கும் எடைக்கு மேல் இல்லை. ஒரு கூடத்துக்கு 50 பேர், இரண்டு வார்டாக. தரைக்கடியில் காற்றுத் தள்ளக் கையால் சுற்றும் ஃபேன், சொந்தக் கழிவறை, மரக் கழிவுநீர்க் குழாய். ஒவ்வொரு கூடமும் தனக்குத் தானே போதும். எத்தனை வேண்டுமானாலும் வரிசையில் சேர்த்துக்கொண்டே போகலாம். நிலம் சரிவாக இருக்கும், ஒழுங்கற்று இருக்கும் என்று மனையைப் பார்க்காமலேயே கணித்து வரைந்தார்.

சுமார் 1,300 பேர், சாவு 50 என்பது உண்மைதான். ஆனால் அது திறந்தபோது, முற்றுகையில் இருந்த செபாஸ்டபோல் நகரம் விழுந்துவிட்டது. 1854 குளிரில் துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்கு வந்த மாதிரிப் பட்டினியும் பேதியுமாய் உருக்குலைந்தவர்கள் இங்கே வரவில்லை. ஸ்குட்டாரியிலேயே 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடையைக் கழுவி, தண்ணீர் வழியைச் சுத்தம் செய்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபிறகு சாவு சரிந்தது. அந்தக் கட்டடம் ஒரு படைமுகாம். அதன் வடிவம் மாறவே இல்லை. எனக்கு இந்த இரண்டில் ஸ்குட்டாரிதான் பெரிய பாடம்: கழிவு போகும் வழி, தண்ணீர் வரும் வழி. நைட்டிங்கேல் தலைமுறைக்குக் கெட்ட காற்று என்று தோன்றியதில் பாதி இந்தச் சாக்கடை நாற்றம்தான். நாற்றத்தைத் துரத்தப் போய்ச் சாக்கடையைச் சரிசெய்தார்கள். பேதி நோய்க்கு அது சரியான மருந்து.

அதற்கு மறுபக்கமும் உண்டு. ஹாம்பர்க்கின் எப்பென்டோர்ஃப் மருத்துவமனை 1889-ல் முடிந்தது. அந்தக் காலத்துக்குப் பெவிலியன் கலையின் உச்சம். மூன்றே வருடத்தில், 1892-ல், வடிகட்டாத எல்பே ஆற்று நீரைக் குடித்த அந்த நகரத்தில் காலராவால் சுமார் 8,600 பேர் இறந்தார்கள். ஒட்டியிருந்த அல்டோனா நீரை மணலில் வடிகட்டியது, பெரும்பாலும் தப்பியது.

காற்றாடி | மார்ச் 9, மதியம் 12.05

பெவிலியனைக் கொன்றது கிருமிக் கொள்கை மட்டும் இல்லை. லிஃப்ட், நீராவிக் குழாய், நடை. சாப்பாடு சமையலறையிலிருந்து கடைசிப் பெவிலியன் போகும்போது ஆறிவிடும். குழாய் நீளம் முழுக்கச் சூடு வீண். எக்ஸ்ரே வந்ததும் எல்லா நோயாளியையும் ஒரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் ஆல்ஃப்ரெட் வாட்டர்ஹவுஸ் சின்ன மனையில் பெவிலியன்களைக் குறுக்கும் நெடுக்குமாக எக்ஸ் வடிவத்தில் நிமிர்த்தி அடுக்கினார், 1906-ல் முடிந்தது. பாரிஸை ஒட்டிய க்ளிஷியில் போழோன் மருத்துவமனை 1935-ல் நேராகப் பன்னிரண்டு மாடிக்குப் போய்விட்டது.

நடுவில் பெல்ஃபாஸ்ட். 1903-ல் திறந்த ராயல் விக்டோரியா. வார்டுகளை இடைவெளியே இல்லாமல் ஒட்டி வைத்து, மேலே கூரை வழியாக வெளிச்சம், தரைக்கடியில் செங்கல் டக்ட், நீராவியில் ஓடும் பெரிய ஃபேன்கள். உள்ளே வரும் காற்று தொங்கவிட்ட தென்னை நார்க் கயிற்றுத் திரைகள் வழியாக நுழையும். மேலிருந்து தண்ணீர் சொட்டிக் கயிறு எப்போதும் நனைந்திருக்கும். புகைக்கரி அதில் படிந்துவிடும், ஈரப்பதமும் கட்டுக்குள் வரும். நூலாலைக்கும் தேயிலைக்கும் ஃபேன் செய்த ஊர் அது, அந்தத் திறமை அப்படியே மருத்துவமனைக்கு வந்தது. இந்த முறையின் பலவீனம் ஒன்று: யாராவது ஜன்னலைத் திறந்தால் அழுத்தம் போய்விடும், மற்ற வார்டுகளுக்குக் காற்று குறையும். ஆகவே திறக்கவே கூடாது. 1858-ல் நைட்டிங்கேல் எழுதியதற்கு நேர் எதிர்.

காற்றாடி | மார்ச் 9, இரவு 11.50

ஆரம்பக் கேள்விக்கு எண்ணில் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

ரெங்கியோய் மருத்துவமனைக்குத் தலைவராக இருந்த எட்மண்ட் பார்க்ஸ் பிற்பாடு ஆரோக்கியமானவருக்கு மணிக்கு 3,000 கன அடி புதுக்காற்று வேண்டும் என்று வகுத்தார். அது வினாடிக்கு ஏறத்தாழ 24 லிட்டர். செயின்ட் தாமஸின் 1,800 கன அடிப் படுக்கையில் மணிக்கு ஒன்றேமுக்கால் முறைக்குச் சற்றுக் குறைவாகக் காற்று மாறினால் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் இயற்கைக் காற்றோட்டத்துக்குச் சொன்னது: காற்றில் பரவும் நோய்க்கான அறையில் நோயாளிக்கு வினாடிக்கு 160 லிட்டர், சாதாரண வார்டில் 60. சாதாரண வார்டை எடுப்போம். 60 லிட்டர் என்றால் மணிக்கு 216 கன மீட்டர். செயின்ட் தாமஸ் படுக்கைக்கு 51 கன மீட்டர் இருக்கிறது. மணிக்கு நாலேகால் முறை மாற்றினால் வேலை முடிந்தது. ஜன்னலை நாலு விரற்கடை திறந்தாலே லேசான காற்றில் அது நடந்துவிடும். இப்போதைய நாலு படுக்கை அறையில் ஆளுக்கு 8 சதுர மீட்டர், கூரை உயரம் 2.7 மீட்டர் என்றால் 21.6 கன மீட்டர். அதே 60 லிட்டருக்கு மணிக்கு பத்து முறை. ஒரு பக்க ஜன்னலில் அது கிடைக்கவே கிடைக்காது, ஃபேன் வேண்டும்.

2007-ல் வெளியான ஒரு ஆய்வில், பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் அளந்தபோது, 1950-க்கு முன் கட்டிய உயரக் கூரை வார்டுகளில் ஜன்னல் திறந்தால் மணிக்கு 40 முறை, 1970-90 கட்டடங்களில் 17, இயந்திரக் காற்றோட்ட அறைகளில் 12. காசநோய், தட்டம்மை மாதிரிக் காற்றில் பரவுபவற்றுக்குப் பெவிலியன்காரர்கள் சொன்னது சரியாகவே இருந்தது. கை வழியாகப் பரவுபவற்றுக்கு இல்லை.

வார்டுசிஸ்டர் | மார்ச் 10, காலை 7.10

காற்றாடி தம்பி, ஜன்னல் திறந்தால்தானே 40? குளிர்காலத்தில் ஜன்னல் பக்கத்து நோயாளி "மூடுங்க சிஸ்டர்" என்பார், மூடிவிடுவோம். எதிர்ப்பக்கத்தவர் மூச்சு முட்டுகிறது என்பார். கர்ரியோ கால்ட்டனோ அதற்கு என்ன செய்தார்கள்?

செங்கற்சூளை | மார்ச் 10, இரவு 9.25

சிஸ்டர், இதற்கு அவர்கள் உண்மையாகவே தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஜன்னலை இரண்டு பலகையாக மேலும் கீழும் நகரும்படி வைத்து, கீழ்ப்பலகையைச் சில அங்குலம் தூக்கி அடியில் ஒரு கட்டையைச் செருகுவார்கள். கீழே அடைபட்டிருக்கும், இரண்டு பலகையும் ஒன்றன்மேல் ஒன்று வரும் நடு இடுக்கு வழியாகக் காற்று மேல்நோக்கி நுழையும். படுத்திருப்பவர் மேல் நேராக அடிக்காது. மேல் துண்டை உட்பக்கமாகச் சாயும்படியும் வைத்தார்கள்.

டக்ளஸ் கால்ட்டன் 1865-ல் திறந்த வுல்விச் ஹெர்பர்ட் ராணுவ மருத்துவமனையை வரைந்தவர். அவர் பெயரிலேயே ஒரு கணப்பு உண்டு. வெளிக்காற்று கணப்புக்குப் பின்னால் உள்ள அறைக்குள் வந்து, புகைக்குழாயின் சூட்டில் வெதுவெதுப்பாகி, விட்டத்துக்கு அருகே வார்டில் இறங்கும். நெருப்பு எரிய எரியப் பழைய காற்றைப் புகைக்குழாய் இழுக்கும். ஜன்னலை மூடினாலும் புதுக்காற்று வந்துகொண்டிருக்கும். நிலக்கரியை அள்ளிப் போடுவதும் சாம்பலை வாருவதும் வார்டு ஆட்களின் தலையில் விழுந்தது. காற்றறையைத் திறந்து தூசி தட்டாவிட்டால் சூடான தூசி வாடை வார்டு முழுக்க வரும்.

நிலவறை | மார்ச் 11, காலை 8.00

இவற்றில் எது இன்னும் நிற்கிறது? போனால் எதைப் பார்க்க வேண்டும்?

செங்கற்சூளை | மார்ச் 11, இரவு 10.10

செயின்ட் தாமஸில் தெற்குப் பக்கப் பெவிலியன்கள் மட்டும் நிற்கின்றன. மற்றவை போரில் குண்டு விழுந்தும் பிறகு இடித்தும் போயின. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நின்று பார்த்தால் சீப்புப் பல் மாதிரி ஆற்றை நோக்கி நீட்டியிருந்த வரிசையில் எது போனது, எது இருக்கிறது என்று தெரியும். ஸ்டோன்ஹவுஸும் ஹெர்பர்ட்டும் இப்போது குடியிருப்புகள். வெளியிலிருந்து வடிவத்தைப் பார்க்கலாம். உள்ளே வார்டுகளைக் குறுக்குச் சுவர் வைத்து வீடாக்கியதால் எதிரெதிர் ஜன்னல் என்ற விஷயம் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

லாரிபுவாசியேர் இன்றும் மருத்துவமனைதான், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்புறம். முற்றத்தில் நின்று இரண்டு பெவிலியனுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் அவற்றின் உயரத்தையும் ஒப்பிடுங்கள். நைட்டிங்கேல் கேட்ட இரண்டு மடங்கு அங்கே இல்லை. ஜன்னல்கள் எவ்வளவு கீழே ஆரம்பித்து எவ்வளவு மேலே போகின்றன என்று ஒவ்வொரு மாடியிலும் கவனியுங்கள். பெவிலியனின் கடைசி முனைக்குப் போய் வெளியே துருத்திய பகுதியைத் தேடுங்கள். அங்கேதான் தண்ணீரும் கழிவும் போகும் வழி.